பலகையும் பட்டறையும்: சிறு வலைத்தள வடிவமைப்பு நிறுவனங்களும் இணையவழி முகாமைத்துவக் கருவிகளும்

கடந்த இரு தசாப்தங்களிலே தொழில் ஒழுங்கமைப்புத் துறையில் ஒரு புதிய நம்பிக்கை வேரூன்றியுள்ளது. வேலை எதுவாயினும், வேலை செய்வோர் எத்தனை பேராயினும், அவ்வேலையைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து இணையத்திலுள்ள பலகை ஒன்றில் வரிசைப்படுத்திவிட்டால் ஒழுங்கு தானே பிறந்துவிடும் என்பதே அந்நம்பிக்கை. பேஸ்காம்ப், ட்ரெல்லோ, அசானா, ஜிரா முதலாய பெயர்களில் வழங்கும் செயற்றிட்ட முகாமைத்துவக் கருவிகள் இந்நம்பிக்கையின் வாகனங்களாக விளங்குகின்றன. ஆயிரக்கணக்கானோர் பணியாற்றும் பெருநிறுவனங்களில் மட்டுமன்றி, மூவரோ ஐவரோ கூடி வாடிக்கையாளருக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனங்களிலும் இவை புகுந்துவிட்டன.

இக்கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்பதை அவதானிக்கலாம். ஒரு சாரார் இவற்றை நவீனத்துவத்தின் அடையாளமாகக் கொள்பவர்கள். கருவி இல்லாத நிறுவனம் ஒழுங்கற்ற நிறுவனம் என்பது அவர்களது துணிபு. மற்றைய சாரார் இவை யாவும் மேற்கத்தைய மூலதனம் விரித்த வலை எனக் கூறி முற்றாக நிராகரிப்பவர்கள். முன்னையோரிடத்தில் வரலாற்றுணர்வு இல்லை. பின்னையோரிடத்தில் தொழிலனுபவம் இல்லை. இரு சாராருமே ஓர் அடிப்படை வினாவை எழுப்பத் தவறிவிடுகின்றனர். பலகையில் அட்டையை எழுதுபவர் யார்? அதனைப் பார்ப்பவர் யார்? பார்ப்பதன் பயன் எவருக்குப் போய்ச் சேருகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காணாது கருவியைப் போற்றுவதும் தூற்றுவதும் ஒன்றே.

கருவி பிறந்த இடம்

இவ்வகைக் கருவிகளுள் முன்னோடியான ஒன்று பெருநிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே தோன்றவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1999இல் தொடங்கப்பட்ட 37சிக்னல்ஸ் என்னும் நிறுவனம் ஒரு சிறு வலைத்தள வடிவமைப்பு நிறுவனமாகவே இருந்தது. மிகச் சிலரே அதிற் பணிபுரிந்தனர். வாடிக்கையாளருடன் நிகழும் உரையாடல் மின்னஞ்சல்களிற் சிதறிக் கிடந்தமை அவர்களுக்குப் பெருந் தொல்லையாயிற்று. எவர் எதனைக் கேட்டார், எப்பொழுது ஒப்புதல் அளித்தார், அடுத்து யார் என்ன செய்யவேண்டும் என்பனவற்றை ஓரிடத்திலே வைக்கும் தேவை எழுந்தது. அத்தேவைக்கெனத் தாமே ஆக்கிக்கொண்ட மென்பொருளையே அவர்கள் 2004 பெப்ரவரியில் பேஸ்காம்ப் என்ற பெயரில் வெளியிட்டனர். அதன் உள்ளிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரூபி ஒன் ரெயில்ஸ் என்னும் நிரலாக்கச் சட்டகம் அதே ஆண்டிற் பொதுவுடைமையாக வெளிவந்து உலகெங்கும் பரவியது.

இவ்வரலாற்றிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, அக்கருவி தொழில் செய்வோரின் கைகளிலிருந்து தோன்றியது. தமது வேலையைத் தாமே உற்றுநோக்கி, இடர்ப்பாடு எங்கே உளது எனக் கண்டு, அவ்விடத்துக்கு மட்டுமே மருந்திட்டனர். அக்காலத்து முகாமைத்துவ மென்பொருள்களின் உயிர்நாடி எனக் கருதப்பட்ட கால அட்டவணைப் படங்களை அவர்கள் வேண்டுமென்றே ஒதுக்கினர். செயற்றிட்டம் சீர்குலைவது அட்டவணை இல்லாமையாலன்று, தொடர்பாடல் குன்றுவதாலேயே என்பது அவர்தம் நிலைப்பாடு. இரண்டாவது, அந்நிறுவனம் ஓரிரு ஆண்டுகளிலேயே வலைத்தள வடிவமைப்பைக் கைவிட்டுக் கருவியை விற்கும் நிறுவனமாக உருமாறியது. வலைத்தளம் அமைப்பதைக் காட்டிலும், வலைத்தளம் அமைப்போருக்குக் கருவியை மாதவாடகைக்கு விடுவதே இலாபகரமானது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். தமது தேவைக்குக் கருவி செய்தவன் கைவினைஞன். பிறரது தேவையைத் தானே நிர்ணயித்து வாடகைக்கு விடுபவன் வணிகன். இவ்விருவருக்கும் இடையேயுள்ள தூரத்தை மறந்தோரே இன்று கருவியின் பெயரால் உபதேசம் செய்கின்றனர்.

அட்டையின் வமிசாவளி

கருவி நடுநிலையானது என்பது முதலாம் சாராரின் வாதம். கத்தியைக் கொண்டு கனியையும் அறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம் என்ற பழைய உவமையை அவர்கள் எடுத்தாள்வர். ஆயின் முகாமைத்துவக் கருவிகளின் வமிசாவளியை நோக்குமிடத்து இவ்வாதம் நிலைபெறமாட்டாது.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அறிவுறுத்தல் அட்டை எழுதி, நேரம் குறித்து, தொழிலாளியிடம் கையளிக்கும் முறையை வகுத்தவர் பிரெட்ரிக் வின்ஸ்லோ ரெய்லர். அவரது 'விஞ்ஞான முகாமைத்துவக் கோட்பாடுகள்' 1911இல் வெளிவந்தது. பெத்லகேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளி ஒருவன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12½ தொன்னுக்குப் பதிலாக 47½ தொன் சுமக்கும்படி செய்யப்பட்டான் என்பது ரெய்லர் தாமே கூறும் கணக்கு. அவனது நாட்கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராகவே உயர்ந்தது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. கூலி இரு மடங்குகூட ஆகவில்லை. இக்கணக்கின் நம்பகத்தன்மையைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றுள்ளனர் என்பது வேறு விடயம். தமது சாதனையென ரெய்லர் பெருமையுடன் எடுத்துக்காட்டியது எது என்பதே இங்குக் கருதப்படவேண்டியது.

ரெய்லர் முறையின் சாரம் நிறுத்தற் கடிகாரத்தில் இல்லை. சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்தலே அதன் சாரம். எதனை எவ்வாறு செய்வது என்ற அறிவு தொழிலாளியின் தலையிலிருந்து எடுக்கப்பட்டுத் திட்டமிடல் அறைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. அங்கிருந்து கட்டளையாக அவனிடம் திரும்பிவருகிறது. ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்னும் நூல் இதனைத் தெளிவாக விளக்கியது. ரெய்லரின் உடனுழைப்பாளரான ஹென்றி கான்ற் என்பாரின் பெயராலேயே, கிடைக்கோடுகளால் வேலையின் காலத்தைக் காட்டும் அட்டவணைப் படம் இன்றும் அழைக்கப்படுகிறது. இன்றைய இணையவழிக் கருவிகள் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் தோன்றுவது அதே படந்தான். தொழிலாளர் இம்முறையை மௌனமாக ஏற்றுக்கொள்ளவுமில்லை. 1911இல் வோட்டர்ரவுண் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர் நிறுத்தற் கடிகாரத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். அதன் விளைவாய் எழுந்த விசாரணைகளைத் தொடர்ந்து, 1915 முதல் அமெரிக்க அரச படைக்கலச் சாலைகளில் நேர அளவீட்டுக்குப் பணம் செலவிடுவதைக் காங்கிரஸ் தடைசெய்தது.

பலகையின் வமிசாவளி சற்று வேறானது. அது யப்பானிலிருந்து வருகிறது. ரொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் தையிச்சி ஓனோ 1950களிலே செயற்படுத்திய கன்பான் முறையில், அட்டை என்பது உற்பத்தியைத் தடுத்து நிறுத்தும் ஒரு சாதனம். பின்னுள்ள வேலைத்தளம் கேட்டாலன்றி முன்னுள்ள வேலைத்தளம் எதனையும் செய்தலாகாது. அட்டைகள் எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டவை. அட்டை இல்லையேல் உற்பத்தியும் இல்லை. ஓனோவின் பலம் இவ்வரையறையிலேயே தங்கியிருந்தது. இன்றைய இணையப் பலகையிலோ அட்டைகளுக்கு எல்லை இல்லை, அவை இலவசம். எவரும் எத்தனையும் சேர்க்கலாம். 'செய்யவேண்டியவை' என்னும் முதல் நிரல் வாரந்தோறும் வீங்கிக்கொண்டே செல்ல, மாதங்கள் கழிந்தபின் அது எவரும் எட்டிப் பாராத இடுகாடாக மாறிவிடுகின்றது. பெயரும் வடிவமும் யப்பானியத் தொழிற்சாலையிலிருந்து பெறப்பட்டன. கட்டுப்பாடு மட்டும் வழியிலே தவறிவிட்டது. கன்பானின் எல்லையைக் கழித்து ரெய்லரின் கண்காணிப்பைக் கூட்டிப் பெற்ற கலவையே சந்தையில் 'எளிய முகாமைத்துவம்' என்ற பெயரில் விலைப்படுகிறது.

வேலை எங்கே தேங்குகிறது?

இனி, சிறு வலைத்தள வடிவமைப்பு நிறுவனமொன்றின் வேலை உண்மையில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். ஒரு கடைக்கோ பாடசாலைக்கோ மருந்தகத்துக்கோ வலைத்தளம் அமைப்பதாயின், முதலில் தளத்தின் பக்கங்கள் வரையறுக்கப்படுகின்றன. பின்னர் மாதிரி வடிவம் தீட்டப்பட்டு வாடிக்கையாளரின் ஒப்புதல் பெறப்படுகிறது. அதன்மேல் நிரல் எழுதப்படுகிறது, உள்ளடக்கம் இடப்படுகிறது, கைத்தொலைபேசியிலும் பல்வேறு உலாவிகளிலும் பரிசோதிக்கப்படுகிறது, ஈற்றில் ஆட்களப் பெயரோடு இணைக்கப்பட்டு வெளியிடப்படுகிறது. வெளியிட்ட பின்னரும் ஆட்களப் பெயரைப் புதுப்பித்தல், பாதுகாப்புச் சான்றிதழைப் பேணல், மென்பொருளை இற்றைப்படுத்தல் என்பன ஆண்டுதோறும் தொடர்கின்றன.

இந்நீண்ட வழியில் வேலை எங்கே தேங்குகின்றது? இத்தொழிலில் ஈடுபட்டோர் எவரைக் கேட்டாலும் விடை ஒன்றாகவே இருக்கும். வாடிக்கையாளர் தருவதாகச் சொன்ன எழுத்தும் படமும் வந்து சேர்வதில்லை. 'எம்மைப் பற்றி' என்னும் பக்கத்துக்கு நான்கு வரி எழுதித்தர நான்கு வாரமாகும். வந்து சேரும் இலச்சினையோ கைத்தொலைபேசியாற் பிடித்த மங்கலான படமாக இருக்கும். அடுத்தது ஒப்புதல். ஒருவர் ஒப்பிய வடிவத்தை அவரது பங்காளி மறுப்பார். பங்காளி ஒப்பியதை அவரது மைத்துனர் மறுப்பார். மூன்றாவது, 'ஒரு சின்ன மாற்றம்'. வட்ஸ்அப்பில் ஒரு வரி, தொலைபேசியில் ஒரு சொல், மின்னஞ்சலில் ஒரு பின்குறிப்பு என வந்துசேரும் சின்ன மாற்றங்கள் யாவும் சேர்ந்து, பேசிய விலைக்கு இரண்டு வலைத்தளங்களின் வேலையைச் சுமத்திவிடும்.

இம்மூன்று தேக்கங்களும் நிறுவனத்தின் வாசலுக்கு வெளியே நிகழ்பவை. அட்டைப் பலகையோ நிறுவனத்தின் வாசலுக்கு உள்ளே தொங்குவது. வாடிக்கையாளரின் தாமதத்தால் ஓர் அட்டை காலங்கடந்து நிற்குமாயின், மென்பொருள் அதனைச் செந்நிறமாக்கி எச்சரிக்கை அனுப்புகிறது. எவருக்கு அனுப்புகிறது? எழுத்துத் தராத வாடிக்கையாளருக்கன்று. எழுத்துக்காகக் காத்திருக்கும் வடிவமைப்பாளருக்கு. காரணம் ஓரிடத்திலும் தண்டனை வேறோரிடத்திலுமாக அமைந்த இவ்வொழுங்கை விஞ்ஞானபூர்வமானதென எவ்வாறு கூறமுடியும்?

இத்தேக்கங்களுக்குரிய பரிகாரம் மென்பொருளில் இல்லை, உடன்படிக்கையில் உண்டு. உள்ளடக்கம் முழுவதும் கிடைத்த பின்னரே நிரலாக்கம் தொடங்கும், ஒப்புதல் அளிப்பவர் ஒருவரே, திருத்தம் இரு முறைகளுக்கு மேற்படின் மேலதிகக் கட்டணம், கட்டணத்தின் ஒரு பகுதி முற்பணமாகவும் ஏனையவை கட்டங்கட்டமாகவும் செலுத்தப்படும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுவது, எந்தப் பலகையும் ஆற்றமாட்டாத பணியை ஆற்றும். இத்தாளை எழுதத் துணிவற்ற நிறுவனம் பலகையை வாங்குகிறது. வாடிக்கையாளரிடம் கேட்கவேண்டியதைக் கேட்க அஞ்சும் நிறுவனத் தலைவர், அவ்வச்சத்தை மறைக்கத் தமது ஊழியரிடம் அட்டையைக் காட்டுகிறார்.

எண்ணிக்கையும் உரையாடலும்

அவ்வாறாயின் கருவிக்குத் தேவையே இல்லையா என்ற வினா எழலாம். தேவை உண்டு; அத்தேவை எங்கே தொடங்குகிறது என்பதை எண்ணிக்கை கொண்டு காட்டலாம். பிரெடரிக் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட 'மாயமான ஆள்-மாதம்' என்னும் மென்பொருளியல் நூலில், ஒரு குழுவில் ஆட்கள் கூடக்கூட அவர்களிடையேயான தொடர்புப் பாதைகள் அதனினும் விரைவாகப் பெருகும் என்பதை எடுத்துக்காட்டினார். மூவர் இருப்பின் பாதைகள் 3, ஐவராயின் 10, பன்னிருவராயின் 66, ஐம்பதின்மராயின் 1,225. ஐம்பதின்மர் ஒவ்வொருவரோடும் பேசி வேலை செய்தல் இயலாது. அங்கே எழுத்தும் அட்டவணையும் இன்றியமையாதன. மூவர் ஒரே மேசையைச் சுற்றியமர்ந்து வேலை செய்யுமிடத்திலோ, காலையில் ஐந்து நிமிடம் பேசினாற் போதும். 1,225 பாதைகளுக்கென ஆக்கப்பட்ட பொறியை 3 பாதைகளுக்கு விற்பவர் தமது வணிகத்தைச் செய்கிறார். அதனை வாங்குபவர் எதனைச் செய்கிறார் என்பதே புலப்படவில்லை.

இவ்விடத்திலே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ரெய்லரின் தொழிற்சாலையில் அட்டை எழுதுவதற்கெனத் திட்டமிடல் அறையும் எழுதுவினைஞரும் இருந்தனர். அவர்களுக்குச் சம்பளமும் வழங்கப்பட்டது. மூவர் கொண்ட நிறுவனத்தில் அட்டையை எழுதுபவரும், நகர்த்துபவரும், அதன் கீழே குறிப்பு இடுபவரும், நேரத்தைப் பதிபவரும் வேலையைச் செய்யும் அதே வடிவமைப்பாளரே. எழுதுவினைஞரின் வேலை கைவினைஞரின் தலையிற் சுமத்தப்பட்டுள்ளது. அதற்குத் தனியான கூலி இல்லை. அவ்வேலையில் அவர் கழிக்கும் நேரம் எந்த அட்டையிலும் பதியப்படுவதுமில்லை. பேரளவிலான பதினேழு மென்பொருளாளர் 2001 பெப்ரவரியில் யூற்றா மாநிலத்தின் சினோபேர்ட் என்னுமிடத்திற் கூடி வெளியிட்ட பிரகடனம், செயன்முறைகளையும் கருவிகளையும் விட மனிதருக்கும் அவர்தம் ஊடாட்டத்துக்குமே முதன்மை அளித்தது. அப்பிரகடனத்தின் பெயராலேயே இன்று கருவிகள் விற்கப்படுகின்றமை வரலாற்றின் முரண்நகை எனலாம்.

பதிவும் கண்காணிப்பும்

இத்தகைய கருவிகள் ஆற்றக்கூடிய பணிகளை இரண்டாகப் பகுத்து நோக்குதல் தெளிவு தரும். ஒன்று பதிவு, மற்றொன்று கண்காணிப்பு. வாடிக்கையாளர் எந்நாளில் எதனைக் கேட்டார், எவ்வடிவத்துக்கு ஒப்புதல் தந்தார், ஆட்களப் பெயர் எப்பொழுது காலாவதியாகும் என்பனவற்றை ஓரிடத்தில் எழுதிவைத்தல் பதிவு. இது தொழில் செய்வோரைப் பாதுகாப்பது. 'நான் அவ்வாறு சொல்லவில்லை' என வாடிக்கையாளர் மறுக்குமிடத்து வடிவமைப்பாளரின் பக்கம் நிற்கும் சாட்சி இதுவே. ஒருவர் நோயுற்றால் அவரது வேலையை மற்றவர் தொடர்வதற்கும், தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து கூடி வேலை செய்வதற்கும் இதுவே துணை. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று உலகெங்கும் அலுவலகங்களை மூடியபோது, ஒரே மேசையைச் சுற்றியிருந்த மூவரும் மூன்று வீடுகளுக்குப் பிரிந்தனர். அவர்களிடையே பொதுவான நினைவாக நின்றது இத்தகைய பதிவுதான். அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

கண்காணிப்போ வேறு வகையினது. எவர் எத்தனை அட்டைகளை முடித்தார், எத்தனை நிமிடம் எடுத்தார், எந்நேரம் இணைப்பில் இருந்தார் என்பனவற்றைத் திரட்டி வரைபடமாக்கித் தலைவரின் திரையிற் காட்டுவது அது. அட்டைகளின் எண்ணிக்கையால் உழைப்பு அளக்கப்படுமிடத்து, உழைப்பாளி அட்டைகளைப் பெருக்கக் கற்றுக்கொள்கிறான். ஒரு நாள் முழுவதும் யோசித்து ஒரு பக்கத்தின் அமைப்பை எளிமையாக்கியவரின் கணக்கில் ஓர் அட்டை. எழுத்தின் நிறத்தைப் பத்துத் தடவை மாற்றியவரின் கணக்கிற் பத்து அட்டைகள். வடிவமைப்பு என்பது பெரும்பாலும் வேண்டாதவற்றை நீக்கும் கலை. நீக்கப்பட்டதற்கு அட்டை இல்லை.

ஒரே மென்பொருள் இவ்விரு பணிகளையும் ஆற்றவல்லது. ஆதலால் கருவியின் பெயரைக் கொண்டு தீர்ப்பளித்தல் பயனற்றது. பலகையிலுள்ள அனைத்தையும் அனைவரும் பார்க்கக்கூடியதாக இருக்கின்றதா, தலைவரின் வாக்குறுதிகளும் அங்கு அட்டைகளாக ஏறுகின்றனவா, வாடிக்கையாளரின் கடமைகளும் அங்கே நாள் குறித்து எழுதப்படுகின்றனவா என்பனவே உரைகல். ஊழியரின் வேலை மட்டும் அட்டையாகி, தலைவரின் வேலை அவரது மனத்திலேயே இருக்குமாயின், அங்கே இருப்பது பலகையன்று, ரெய்லரின் கடிகாரமே.

வாடகைக் கருவியின் ஆபத்து

கருவிவாதிகள் பேசாது விடும் பிறிதொரு விடயமும் உண்டு. உளியும் சுத்தியலும் தச்சனின் உடைமை. இணையவழிக் கருவி எவருடைய உடைமை? பெர்லின் நகரிலே உருவாகிப் பெருவழக்குப் பெற்ற வுண்டர்லிஸ்ற் என்னும் செயற்பட்டியல் மென்பொருளை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2015இல் வாங்கியது. 2020 மே 6ஆந் திகதி அதனை மூடிவிட்டது. அதனைப் பயன்படுத்தியோர் எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. தமது பட்டியல்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு வேறிடம் போகுமாறு அறிவிக்கப்பட்டது. 2011இல் வெளியிடப்பட்ட ட்ரெல்லோவை 2017இல் அவுஸ்திரேலிய நிறுவனமான அற்லாசியன் 425 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2022 ஏப்ரலில் அதே அற்லாசியன் நிறுவனத்திற் பராமரிப்பு வேலையொன்றின்போது நேர்ந்த தவறினால் ஏறத்தாழ 775 வாடிக்கை நிறுவனங்களின் தளங்கள் அழிக்கப்பட்டு, சிலருக்கு ஜிரா முதலிய சேவைகள் இரு வாரங்கள் வரை கிடைக்காது போயின. தமது கவனக்குறைவாலும் பலர் அல்லலுற்றனர். பொதுப் பார்வைக்குத் திறந்து விடப்பட்ட ட்ரெல்லோ பலகைகளிலே கடவுச்சொற்கள் எழுதப்பட்டுத் தேடுபொறிகளில் அகப்படக் கிடந்தமை 2018இல் அம்பலமாயிற்று. வாடிக்கையாளரின் வழங்கிக் கடவுச்சொல்லை அட்டையில் ஒட்டிவைப்பது, கடைச் சாவியைச் சந்தியில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இலங்கையில் இயங்கும் சிறு நிறுவனங்களுக்கு இவ்வாபத்து இன்னொரு வடிவிலும் வந்தது. இக்கருவிகளிற் பெரும்பாலானவற்றின் சந்தா, ஆளொருவருக்கு மாதமொன்றுக்கு இத்தனை டொலர் எனக் கணிக்கப்படுகிறது. 2022 மார்ச் மாதத்திற்கு முன் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவையும் தாண்டியது. ஐவர் கொண்ட நிறுவனமொன்று ஆளுக்குப் பத்து டொலர் வீதம் செலுத்துவதாகக் கொண்டால், மாதம் 10,000 ரூபாவாக இருந்த செலவு இரண்டே மாதத்தில் 18,000 ரூபாவாயிற்று. உள்ளூர் வாடிக்கையாளரிடம் ரூபாவிற் பெற்று, வேற்று நாட்டுக்கு டொலரிற் கட்டுபவருக்கு இது பேரிடி. அதே மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீடித்தது. மின்சாரமும் இணைப்பும் இல்லாத வேளையில் இணையப் பலகை வெறுஞ் சுவரே. அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதைத் தாளில் எழுதிவைத்தவரே அன்று வேலையின் இழையைத் தவறவிடாதிருந்தனர். கருவி பயன்படாதது என்பதற்கு இது சான்றன்று. அதன் ஒரு பிரதியேனும் தம் கையில் இருத்தல் வேண்டும் என்பதற்கே இது சான்று.

நிராகரிப்போரின் தவறு

இத்தனையும் கூறியபின், கருவிகளை முற்றாக நிராகரிப்போர் தமது வாதம் வென்றதாகக் கொள்ளக்கூடும். அது பொருந்தாது. இங்கிலாந்தில் 1811ஆம் ஆண்டு முதல் நெசவுப் பொறிகளை உடைத்த லட்டைற்றுகள் இயந்திரம் என்பதையே வெறுத்தவர்கள் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் அவர்கள் தாமே பொறிகளில் வேலை செய்த தேர்ச்சிமிக்க தொழிலாளர். கூலியைக் குறைக்கவும், தரங்குறைந்த துணியைப் பெருக்கவும், பயிற்சியற்றோரைக் கொண்டு தேர்ந்தோரை வெளியேற்றவும் பொறிகளைப் பயன்படுத்திய முதலாளிமாரின் பொறிகளையே அவர்கள் தெரிந்தெடுத்து உடைத்தனர். அவர்களது கோபம் பொறியின் மீதன்று, பொறியைச் சூழ்ந்த உறவின் மீது. இந்நுண்மையை உணராது, கணினியைத் தொடாமலே முற்போக்குப் பேசுவோர் லட்டைற்றுகளின் வாரிசுகளாகார்.

அன்றியும், ஒழுங்கின்மையின் பாரத்தைச் சுமப்பவர் எப்பொழுதும் கீழிருப்பவரே. எழுத்திற் பதியப்படாத வாக்குறுதி மீறப்படும்போது இரவிரவாக விழித்திருந்து வேலை செய்பவர் வடிவமைப்பாளரே, நிறுவனத் தலைவரல்லர். 'எல்லாம் வாய்ப்பேச்சிலேயே நடக்கும்' என்னும் குடும்பப்பாங்கான நிறுவனங்களில், சம்பளமும் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுவதுண்டு. பதிவை மறுப்பது உழைப்பாளியின் சாட்சியை மறுப்பதாகும்.

செய்யத்தக்கன

ஆகவே சிறு நிறுவனங்கள் கருவியைத் தெரிவுசெய்வதற்கு முன்னர் தமது தொழிலைத் தாமே ஆராய்தல் வேண்டும். ஒரு மாதம் தாளிலும் சுவரிலும் எழுதி, வேலை எங்கே தேங்குகிறது என்பதைக் கண்டறிந்த பின்னரே இணையத்தை நாடுதல் தகும். கருவி ஒன்றே போதும். மூன்று கருவிகளிற் சிதறிய பதிவு பதிவின்மைக்குச் சமம். ஒரே வேளையில் நடைபெறும் வேலைகளுக்கு ஓனோவின் வழியில் எல்லை வகுத்தல் வேண்டும். எல்லை நிரம்பினால் புதிய வேலையை ஏற்பதில்லை எனத் துணிதல் வேண்டும். வாடிக்கையாளரின் கடமைகளும் தலைவரின் கடமைகளும் அதே பலகையில் ஏறவேண்டும். நேரப் பதிவு வேண்டுமாயின் அது அடுத்த வேலைக்குச் சரியான விலை கூறுவதற்காக மட்டுமே அமைதல் வேண்டும். ஆளை அளக்கும் கோலாதல் ஆகாது. பதிவுகளின் பிரதி மாதந்தோறும் தம்மிடத்தே எடுத்துவைக்கப்படல் வேண்டும். அட்டையின் விதிகளை வகுக்கும் உரிமை அட்டையை நிரப்புவோருக்கே உரியது.

இவ்விடயம் பல்கலைக்கழகங்களையும் சாரும். முகாமைத்துவ பீடங்களிலிருந்தும் கணினி விஞ்ஞானத் துறைகளிலிருந்தும் வெளியேறும் மாணவருட் பலர் நாளை இத்தகைய சிறு நிறுவனங்களிற் பணிபுரிவர். சிலர் தாமே தொடங்குவர். பலகையில் அட்டையை நகர்த்தும் முறையைக் கற்க ஒரு பிற்பகல் போதும். அவ்வட்டை எங்கிருந்து வந்தது, எவருடைய அறிவை எவருடைய கைக்கு மாற்றுவதற்காக முதலில் எழுதப்பட்டது என்பதைக் கற்பிப்பதற்கு வரலாறும் பொருளியலும் சமூகவியலும் வேண்டும். அது கற்பிக்கப்படாதவிடத்து, சிக்காகோவில் ஒரு சிறு பட்டறை தன் தேவைக்கு ஆக்கிக்கொண்ட கருவியின் வாடகைக் குடிகளாகவே இங்குள்ள பட்டறைகள் காலங்கழிக்கும். தமது வேலையைத் தாமே உற்றுநோக்கும் ஆற்றல் எந்தச் சந்தாவோடும் வருவதில்லை. அதனைத் தொழில் செய்வோரே ஈட்டிக்கொள்ளல் வேண்டும்.